இன்ஜினைப் பின்னுக்குத் தள்ளினால் வேகம் கூடுமா? (30 சதவீதத் தகராறு)

பாலாற்றுக்காரன்:
குடியாத்தம் தம்பி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ரிமோட் பந்தயப் படகில் இன்ஜினைப் பின்பலகையை ஒட்டி வைத்தால் மூக்கு தானாகத் தூக்கும், வேகம் கூடும் என்கிறார். எட்டுப் பேர் பாராட்டியும் இருக்கிறீர்கள். மூக்கு தூக்கும்தான். அதன்பின் தொம்மென்று விழும், மறுபடி தூக்கும், தவளை மாதிரி குதித்துக்கொண்டே போய்க் கவிழும்.

'வி' வடிவ அடிப்பாகம் உள்ள படகுக்கு எடை மையம் பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 சதவீதத்தில் இருக்க வேண்டும். என் படகு 130 செ.மீ. மையம் 39-இல். டேங்கைக் காலி செய்து, ஓர் உருளைக் கம்பியின்மேல் படகைக் குறுக்கே வைத்து, மூக்கும் வாலும் சமமாக நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஆறு ஆண்டுகளாக அந்தக் கோடு நகரவில்லை.

குடியாத்தம் தம்பி:
அண்ணா, நான் சொன்னது தவறு என்றால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் பின்னால் தள்ளிய பிறகு நேர் ஓட்டத்தில் வேகம் கூடியதைக் கண்ணால் பார்த்தேன். 20 செ.மீ. தள்ளினேன்.

காட்பாடி மெக்கானிக்:
தம்பி, நீ எதற்குத் திருத்திக்கொள்ள வேண்டும்? மையம் பின்னால் போனால் படகின் அடிப்பாகம் தண்ணீரில் படும் பரப்பு குறையும், இழுவை குறையும், படகு பறக்கும். என் படகும் 130 செ.மீ.தான். மையம் 34-இல் இருக்கிறது. கணக்குப் போட்டால் 26 சதவீதம். அந்த 26-தான் காவேரிப்பாக்கம் ஏரியில் உங்கள் 30-ஐ அரைச் சுற்று பின்னால் விட்டது. மறந்துவிட்டதா?

பாலாற்றுக்காரன்:
மறக்கவில்லை. கடைசிச் சுற்றில் உங்கள் படகு மல்லாந்ததையும் மறக்கவில்லை. 26-இல் வைத்ததற்கு அந்த ஏரியே சாட்சி சொன்னது.

தம்பிக்கு ஒரு கணக்கு. 8 கிலோ படகில் 2 கிலோ இன்ஜினை 20 செ.மீ. தள்ளினால் மையம் 20 நகராது. 2-ஐ 20-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 5. அதாவது 39-இல் இருந்தது 34-க்குப் போகும். அந்த 5 செ.மீ.தான் படகைக் குதிக்க வைக்கிறது. 30 என்றால் 30.

அகழிக்கரை:
ஒரு சந்தேகம். நீளம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பின்பலகையோடு முடிகிறதா, அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுக்கான் வரையா? சுக்கான் 8 செ.மீ. நீண்டால் மொத்தம் 138, மையம் அங்கிருந்து 42. மெக்கானிக் அண்ணனின் படகும் 30 சதவீதமாகிவிடுகிறதே?

காட்பாடி மெக்கானிக்:
மல்லாந்தது எடை மையத்தால் இல்லை. உங்கள் படகு கிளப்பிய அலையில் ஏறியதால். வேலூர் மாவட்டத்தில் பந்தயம் பார்த்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

ஆற்காடு வாசகன்:
காவேரிப்பாக்கம் வேலூர் மாவட்டத்தில் இல்லை. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதே இராணிப்பேட்டைக்கு வந்துவிட்டது. எங்கள் ஏரியை எங்கள் பெயரில் எழுதுங்கள்.

காட்பாடி மெக்கானிக்:
1989-க்கு முன்னால் எல்லாமே வட ஆற்காடுதான் ஐயா. எடை மையத்தைப் பற்றிப் பேசும்போது எல்லைக் கல்லைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பாலாற்றுக்காரருக்கு ஒன்று சொல்கிறேன்: ஆற்றில் மணலைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர் எனக்குப் படகு சொல்லித்தர வேண்டாம்.

பாலாற்றுக்காரன்:
2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைக் கரையில் நின்று பார்த்தவன் நான். என் ஆற்றைப் பற்றிப் பேசாதீர்கள்.

அலையாம்! அன்று உங்கள் டேங்க் எங்கே இருந்தது? மூக்கில். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. டேங்க் நிறைந்திருக்கும்போது அந்த முக்கால் கிலோ மூக்கை அழுத்திப் பிடித்தது, படகு ஒழுங்காக ஓடியது. எரிபொருள் தீரத் தீர மையம் பின்னால் நகர்ந்தது, கடைசிச் சுற்றில் அழுத்த ஆளில்லாமல் மூக்கு எழும்பியது. டேங்க் மையத்தின் மேலேயே உட்கார வேண்டும். அப்போதுதான் நிறைந்தாலும் காலியானாலும் 30 அப்படியே இருக்கும். இதை அன்று கரையிலேயே சொன்னேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

குடியாத்தம் தம்பி:
அண்ணா, என் படகு இடப்பக்கமும் சாய்கிறது. அதற்கும் இன்ஜினை நகர்த்த வேண்டுமா?

பாலாற்றுக்காரன்:
பின்னாலிருந்து பார்த்தால் உன் புரொப்பெல்லர் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறதா? அப்படியானால் எதிர்விசை இடப்பக்கத்தை அழுத்தும். இன்ஜினைத் தொடாதே, ரேடியோ பெட்டியின் பேட்டரியை வலப்பக்கம் நகர்த்து. முதலில் 30-ஐச் சரிசெய்.

காட்பாடி மெக்கானிக்:
30, 30 என்று ஏலம் போட்டது போதும். குதித்தால், பின்பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டிரிம் தகட்டை ஒரு நூல் கீழே மடக்கினால் பின்பக்கம் தூக்கிக்கொடுக்கும், மூக்கு அடங்கும். 26-இல் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

பாலாற்றுக்காரன்:
தகட்டை மடக்கினால் அது தண்ணீரை இழுக்கும். பின்னால் தள்ளிச் சம்பாதித்த வேகத்தை அங்கேயே செலவழிக்கிறீர்கள். பிறகு எதற்கு 26?

அகழிக்கரை:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இருவரும் எங்கிருந்து அளக்கிறீர்கள்?

காட்பாடி மெக்கானிக்:
எங்கிருந்து அளந்தாலும் முந்தி ஓடியது என் படகு. பாலாற்றுக்காரர் முதலில் என்னிடம் வாங்கிப்போன அலுமினிய இன்ஜின் தாங்கியைத் திருப்பிக் கொடுக்கட்டும். உங்கள் 39-ஐத் தாங்கிக்கொண்டிருப்பதே என் பட்டறையில் கடைந்த தாங்கிதான்.

பாலாற்றுக்காரன்:
அந்தத் தாங்கிக்குப் பணம் கொடுத்தேன். துளைகள் இரண்டு மில்லிமீட்டர் தவறி இருந்தன, என் கையால் அரம் போட்டுச் சரிசெய்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். கம்பி நான் கொண்டு வருகிறேன். உங்கள் படகை அதன்மேல் வைப்போம்.

காட்பாடி மெக்கானிக்:
என் படகை உங்கள் கம்பியில் வைக்க விடமாட்டேன். தாங்கியோடு வாருங்கள், பேசலாம்.

ஆற்காடு வாசகன்:
எந்த ஏரி என்று மாவட்டத்தோடு எழுதுங்கள்.