முறுக்கு வீதமா, முறுக்கு நீளமா?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

'ரைஃப்ளிங்' கலைச்சொல் தொகுப்பில் பாதி முடிந்த மாதிரிதான். துப்பாக்கிக் குழலுக்குள் திருகிச் செல்லும் வரிகளுக்குப் 'புரி' என்பதை யாரும் மறுக்கவில்லை. புரியிடுதல், புரிக்குழல் என்று மற்றவை தாமாக வந்துவிடுகின்றன. 'ட்விஸ்ட் ரேட்' (புரி எவ்வளவு இறுக்கமாக முறுகுகிறது என்னும் அளவு), காடிகளின் (புரியின் பள்ளங்களின்) எண்ணிக்கை, திசை ஆகிய மூன்றும்தான் இழுபறி. வந்த மடல்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

> முறுக்கு வீதம் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே?

வீதம் என்றால் எண் ஏற ஏறப் பொருளும் ஏற வேண்டும். வட்டி வீதம், பிறப்பு வீதம் எல்லாம் அப்படித்தான். இங்கே தலைகீழ். 1:12 என்றால் குண்டு 12 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்று. 1:7 என்றால் 7 அங்குலத்திலேயே ஒரு சுற்று. அதுதான் கடும் முறுக்கு. "வீதம் 12-இலிருந்து 7-ஆக உயர்ந்தது" என்று ஒரு கட்டுரையில் எழுதிப் பாருங்கள், வாசகர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். துப்பாக்கி, தோட்டா அளவுகளுக்குத் தரம் வகுக்கும் ஐரோப்பாவின் சி.ஐ.பி. அமைப்பின் அட்டவணைகள் விகிதத்தைத் தொடுவதே இல்லை. ஒரு சுற்றுக்கான நீளத்தை மில்லிமீட்டரில் போட்டு, கூடவே காடிகளின் எண்ணிக்கையையும் போட்டு முடித்துவிடுகின்றன. நாமும் 'முறுக்கு நீளம் 305 மி.மீ.' என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. நீளம் குறைந்தால் முறுக்கு கூடும், அவ்வளவுதான்.

> திருகு அளவியில் 'புரியிடைத் தூரம்' என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதையே வைத்துக்கொள்ளலாம்.

வந்ததிலேயே எனக்குப் பிடித்த முன்மொழிவு இது. ஆனால் இங்கே பொருந்தாது. திருகு அளவியில் ஓடுவது ஒற்றைப் புரி. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்கிறதோ, அதுவே அடுத்தடுத்த புரிகளின் இடைவெளி. துப்பாக்கிக் குழலில் ஆறு காடி இருந்தால் ஆறு புரிகள் தனித்தனியே தொடங்கி இணையாக ஓடுகின்றன. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், குழலின் நீளவாக்கில் ஒரே கோட்டில் அளக்கும்போது பக்கத்துக் காடி 2 அங்குலத்திலேயே வந்துவிடும். நான்கு காடிக் குழலில் 3 அங்குலம். குண்டு இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் சுழலும். 'புரியிடைத் தூரம்' என்று போட்டால் காடிகளின் எண்ணிக்கையை மாற்றினாலே சுழற்சி மாறிவிடும் என்று படிப்பவர் எண்ணுவார். இரண்டும் தனித்தனி முடிவுகள். சொற்களும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

முறுக்கு நீளத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகக் குண்டின் நீளம். பறக்கும் குண்டின் மீது காற்றின் அழுத்தம் புவியீர்ப்பு மையத்துக்கு முன்னால் விழுகிறது. அது முனையைப் புரட்டப் பார்க்கும். சுழற்சிதான் அதைப் பிடித்து வைக்கிறது. நீளமான குண்டு எளிதில் புரளும், அதற்குக் கூடுதல் சுழற்சி வேண்டும். இங்கிலாந்தின் வுல்விச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதப் பேராசிரியராக இருந்த கிரீன்ஹில் 1879-இல் இதற்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். நீளத்தை விட்டத்தால் வகுத்து, வருவதைக் கொண்டு 150-ஐ வகுத்தால், ஒரு சுற்றுக்கு எத்தனை விட்டம் என்பது கிடைக்கும். 7.82 மி.மீ. விட்டமும் 30.5 மி.மீ. நீளமும் உள்ள குண்டு 3.9 விட்ட நீளம். 150-ஐ வகுத்தால் 38.5, விட்டத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 301 மி.மீ. அதாவது 12 அங்குலம். அதே விட்டத்தில் நீளம் 35.6 மி.மீ. ஆனால் 258 மி.மீ., 10 அங்குலத்துக்குப் பக்கம். ஈயம் வைத்த குண்டுகளுக்கான கணக்கு இது. முழுச் செம்புக் குண்டு அதே எடைக்கு இன்னும் நீளமாக இருப்பதால் இன்னும் குறைந்த முறுக்கு நீளம் கேட்கும். எடையைப் பார்த்து முறுக்கைத் தேர்வது பழக்கம். உண்மையில் பார்க்க வேண்டியது நீளம்.

அமெரிக்கப் படையின் எம்16 ரைஃபிளின் கதையை எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கே வைக்கலாம். தொடக்கத்தில் முறுக்கு நீளம் 14 அங்குலம். கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டு நிலைகுலைந்ததால் 12 ஆக்கினார்கள். பிறகு எம்16ஏ2-இல் 7. புதிய 62 கிரெய்ன் (ஏறத்தாழ 4 கிராம்) குண்டுக்கு 9 அங்குலமே போதும்; அதோடு சேர்ந்து போகும் தடங்காட்டும் குண்டு நீளமானது என்பதால்தான் 7 வரை இறங்க வேண்டியிருந்தது. நொடிக்கு 900 மீட்டரில் 178 மி.மீ. முறுக்கு என்றால் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்று! மெல்லிய உறை போட்ட குண்டு இந்தச் சுழற்சியில் வழியிலேயே சிதறவும் கூடும். ஆகவே முறுக்கை இறுக்கிக்கொண்டே போவதும் தீர்வல்ல.

எண்ணிக்கைக்கு வருவோம். பள்ளத்துக்குக் 'காடி' என்று தச்சுப் பட்டறைச் சொல்லையே எடுத்தோம். இடையில் நிற்கும் மேட்டை 'நிலம்' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார், அது வேண்டாம். இரண்டு பாத்திக்கு நடுவே நிற்பதை வரப்பு என்கிறோம், இங்கும் 'வரப்பு' போதும். 7.62 மி.மீ. துப்பாக்கியில் 7.62 என்பது வரப்புக்கு வரப்பு உள்ள விட்டம், 7.82 என்பது காடிக்குக் காடி. ஆக, காடியின் ஆழம் 0.1 மி.மீ.தான். குண்டு காடி விட்டத்துக்குச் செய்யப்படுகிறது. வரப்பு அதில் பதிந்து சுழற்றுகிறது.

எத்தனை காடி என்பதில் முறுக்கு அளவுக்குக் கண்டிப்பு இல்லை. பிரிட்டிஷ் ரைஃபிளான லீ-என்ஃபீல்டில் ஐந்து, பல ரைஃபிள்களில் நான்கு அல்லது ஆறு. இரண்டாம் உலகப் போரின் அவசரத்தில் அமெரிக்காவின் எம்1903ஏ3, லீ-என்ஃபீல்டு நம்பர் 4 இரண்டிலும் வெறும் இரண்டு காடிக் குழல்கள் வந்தன, படைவீரரின் தேவைக்கு அவை போதுமாகவே இருந்தன. ஒற்றைக் காடியாக வெட்டி எடுக்கும் முறையில் எண்ணிக்கை கூடினால் வேலை கூடும்; ஒரே இழுப்பில் அழுத்தி உருவாக்கும் முறையில் அந்தக் கவலை இல்லை. ஒற்றைப்படை எண்ணில் ஒரு சின்ன வசதியும் ஒரு சின்னத் தொல்லையும் உண்டு. ஒவ்வொரு வரப்புக்கும் எதிரே காடி நிற்பதால் குண்டு இருபுறமும் நேரெதிராக நசுங்குவதில்லை. அதே காரணத்தால் காடி விட்டத்தை வெர்னியரால் நேராக அளக்க முடியாது.

கடைசியாக, திசை. வலம்புரி, இடம்புரி என்று கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் வலம்புரிச் சங்கின் சுருள் விலங்கியல் கணக்கில் இடச்சுருள். சங்கைப் பிடிக்கும் விதம் வேறு என்பதால் வந்த வினை இது. பாடநூலில் உள்ள வலஞ்சுழி, இடஞ்சுழியே பாதுகாப்பு. குழலின் பின்புறத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் சேர்ப்போம். லீ-என்ஃபீல்டு இடஞ்சுழி.

---

ஐயா, முறுக்கு நீளம் எனக்குச் சம்மதம். ஆனால் புரி குழலின் அச்சோடு சாயும் 'முறுக்குக் கோணம்' ஏன் கூடாது? எல்லா விட்டத்துக்கும் பொதுவாக இருக்குமே. இன்னொன்று, உட்துளை பலகோண வடிவில் இருக்கும் பலகோணக் குழலில் கூரிய காடியே கிடையாது. அங்கே என்ன செய்வது?

---

கோணம் வேறொரு அளவு தம்பி, அதற்கும் சொல் வேண்டும்தான். நீங்கள் சொன்னதையே ஏற்றுக்கொள்ளலாம். 7.82 மி.மீ. விட்டம், 305 மி.மீ. முறுக்கு நீளம் என்றால் கோணம் 4.6 பாகை வருகிறது. ஆனால் குழலில் பொறித்திருப்பதும் விற்பவர் சொல்வதும் நீளம்தான். பீரங்கிக்காரர்கள் '20 விட்டத்துக்கு ஒரு சுற்று' என்பதும் நீளமே, அலகு மட்டும் விட்டம்.

பலகோணக் குழலுக்குக் 'காடி எண்ணிக்கை' பொருந்தாது என்பது சரி. 'முக எண்ணிக்கை' என்று தனிப் பதிவாகப் போடுவோம். வாய்ப்பக்கம் போகப்போக முறுக்கு இறுகும் குழலுக்கு 'ஏறுமுறுக்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கும் மறுப்பில்லை என்றால் வார இறுதியில் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.