எக்ஸ்டர்னல் ஃபிரேம் பையா, இன்டர்னல் ஃபிரேமா? கொஞ்சம் அவசரம்

வழிப்போக்கன்87:
வணக்கம். அடுத்த வாரம் மலையேறப் போகிறேன். மாமா கொடுத்த பழைய எக்ஸ்டர்னல் ஃபிரேம் பை இருக்கிறது. வெளியே அலுமினியக் குழாய் தெரியுமே, அதுதான். நேற்று மாட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்ததில் இடது தோள் பிய்ந்துவிட்டது. இதையே எடுத்துப் போகலாமா, புதிதாக இன்டர்னல் ஃபிரேம் வாங்கிவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள், ஆர்டர் போட்டால் வர நாலு நாள் ஆகும்.

மலைக்குருவி:
எந்த மலை? எத்தனை நாள்? கூடாரம் நீங்களே சுமக்கிறீர்களா? எத்தனை கிலோ?

கோவை நடையன்:
யோசிக்கவே வேண்டாம், இன்டர்னல்தான். குமார பர்வதத்தில் இறங்கும்போது நண்பனின் எக்ஸ்டர்னல் பையின் குழாய் கிளையில் மாட்டி, ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சுமைதாங்கி:
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. டிக் கெல்டி 1952இல் கலிஃபோர்னியாவில் அலுமினிய ஃபிரேம் பைகளை விற்கத் தொடங்கினார். 1967இல் கிரெக் லோ அந்த ஃபிரேமைப் பைக்குள்ளே கொண்டுபோனார். பாறை ஏறுகிறவனைச் சுமை பின்னால் இழுக்கக் கூடாது என்பதுதான் விஷயம். தம்பி பாறை ஏறப் போகிறாரா?

வழிப்போக்கன்87:
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போச்சு. சந்தக்ஃபூ, டார்ஜிலிங் பக்கம் இருக்கிற மலை. அடிவாரத்து மானேபஞ்சனிலிருந்து ஐந்து நாள். தங்குவது லாட்ஜில். பை 14 கிலோ.

மலைக்குருவி:
லாட்ஜில் தங்குவதற்கு 14 கிலோவா! சந்தக்ஃபூ 3,636 மீட்டர்தான், உச்சி வரை ஜீப்பே போகிறது. அந்தப் பாதைக்கு உங்கள் மாமா பை தாராளம். முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று ஓடும், சட்டை நனையாது. ஸ்ரீகோலா வழியாக இறங்கினால் மட்டும் யோசியுங்கள். செங்குத்து இறக்கம், மூங்கில் காடு. அங்கே முதுகோடு ஒட்டி நிற்கிற பைதான் சுகம்.

அது இருக்கட்டும், இடது தோள் மட்டும் ஏன் வலிக்கிறது? இடுப்புப் பட்டையைப் பூட்டினீர்களா? முதுகு நீளம் அளந்தீர்களா? தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை. அதற்குப் பொருந்தாத பை உள்ளே ஃபிரேம் வைத்திருந்தாலும் வலிக்கும்.

தென்காசிச் சாரல்:
இடுப்புப் பட்டை எல்லாம் கடைக்காரன் சொல்கிற கதை. நேபாளச் சுமைதூக்கிகள் நம்லோ பட்டையை உச்சந்தலையில் போட்டு, டோக்கோ கூடையில் தங்கள் எடை அளவுக்குத் தூக்குகிறார்கள். நம் ஆச்சிகள் சும்மாடு வைத்துத் தூக்காததா?

சுமைதாங்கி:
சும்மாடும் நம்லோவும் ஒன்றில்லை. சும்மாட்டில் சுமையே தலைமேல் இருக்கும். நம்லோவில் சுமை முதுகில், பட்டை மட்டும் தலையில்.

தென்காசிச் சாரல்:
கழுத்துக்கு ரெண்டும் ஒன்றுதான் ஐயா.

சுமைதாங்கி:
சிறு வயதிலிருந்து பழகிய கழுத்தும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த கழுத்தும் ஒன்றா?

மலைக்குருவி:
சும்மாட்டை இறக்கி வையுங்கள் இரண்டு பேரும். வழிப்போக்கன், பட்டை என்ன ஆச்சு?

வழிப்போக்கன்87:
இப்போதுதான் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இடது தோள்வாரை ஃபிரேமில் பிடிக்கிற பின் இல்லை. மாமா கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருக்கிறார். அது நெகிழ்ந்து, வார் இரண்டு விரல் கீழே இறங்கிக் கிடக்கிறது. இடுப்புப் பட்டை இடைஞ்சலாக இருந்ததால் பின்னால் மடித்துக் கட்டியிருந்தேன்.

சுமைதாங்கி:
சுமையில் பெரும்பங்கை வாங்கவேண்டிய பட்டையை மடித்துக் கட்டிவிட்டு ஃபிரேமைக் குறை சொல்கிறோம். நல்லது.

மலைக்குருவி:
கிளெவிஸ் பின் என்று கேளுங்கள், முனையில் கோர்க்கும் வளையத்தோடு. ஃபிரேம் ஓட்டைக்குச் சரியான தடிமன் முக்கியம், பழைய பின் ஒன்றைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். விமானத்தில் போட்டால் பையை ஒரு சாக்கில் கட்டுங்கள், குழாய் எதிலாவது மாட்டும்.

வழிப்போக்கன்87:
பின் கிடைத்தது. ஜீன்ஸ் மூன்றில் இரண்டையும் தேவையில்லாத மற்ற சாமான்களையும் வெளியே எடுத்தேன், இப்போது 9 கிலோ. தோள் வலி இல்லை. நன்றி, கிளம்புகிறேன்.

கோவை நடையன்:
இருந்தாலும் இன்டர்னல்தான்.