இரட்டையர் தங்களுக்குள் பேசும் தனி மொழி: தடுக்கணுமா? பள்ளியில் பிரிக்கணுமா?

இரட்டைவால்குருவி:
இரட்டைப் பெண் குழந்தைகள், வயசு 2 வருஷம் 10 மாசம், 34 வாரத்துல பிறந்தவங்க. ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிச்சுக்கறாங்க, மத்தவங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடலை. பெரியவங்க எது கேட்டாலும் ஒருத்திதான் பதில் சொல்றா. இன்னொருத்தி அவ முகத்தைப் பார்த்துட்டு நிக்கிறா. இந்தப் பேச்சைத் தடுக்கணுமா? பள்ளியில வேற வேற வகுப்புல போடச் சொல்றாங்களே, சரியா? நஞ்சுக்கொடி ரெண்டா இருந்ததால ஒருகரு இரட்டையர் (ஒரே கருமுட்டை ரெண்டாப் பிளந்து பிறந்தவங்க) இல்லைன்னு நினைக்கிறோம். ஆனா பார்க்க அச்சு அசல் ஒண்ணுதான்.

மழலைச்சொல்:
தடுக்காதீங்க. அது புது மொழியே இல்லை. தனிக் குழந்தை ஒரு சொல்லை உடைச்சுச் சொன்னா கேட்கிற பெரியவங்களுக்குப் புரியாது, அதனால தானா திருத்திக்கும். இங்கே கேட்கிறவளும் அதே சொல்லை அதே மாதிரி உடைக்கிறவ. சட்டுனு புரிஞ்சுடுது, அப்புறம் எதுக்குத் திருத்தணும்? 1970களில் சான் டியேகோவில் இரட்டைச் சகோதரிகள் சொந்த மொழி பேசுறாங்கன்னு பெரிய செய்தியாச்சு. பதிவு பண்ணி ஆராய்ஞ்சப்போ, வீட்டில் காதில் விழுந்த ஆங்கிலமும் ஜெர்மனும் உருக்குலைஞ்ச கலவைதான் அது.

நீங்களும் ஃபோன்ல ஒரு அஞ்சு நிமிஷம் பதிவு பண்ணி, மெதுவா ஓட்டிக் கேட்டு எழுதிப் பாருங்க. பாதிக்கு மேல உங்க வீட்டுச் சொற்களாவே இருக்கும்.

கவனிக்க வேண்டியது வேற. இரட்டையர்கிட்ட பேச்சு சில மாசம் பின்தங்கறது சகஜம். பெரியவங்க பேச்சு ரெண்டு பேருக்கும் பங்கு போறது முக்கியக் காரணம். ஒவ்வொருத்திகிட்டேயும் தினம் 10, 15 நிமிஷம் தனியா, மத்தவ காதுக்கு எட்டாத இடத்துல பேசுங்க. குறைமாசமாப் பிறந்த வாரங்களை (உங்களுக்கு 6 வாரம்) வயசுலேர்ந்து வழக்கமா ரெண்டு வயசு வரைக்கும்தான் கழிப்பாங்க, இனி அதைச் சாக்காச் சொல்ல முடியாது. தனியா இருக்கும்போதும் பெரியவங்ககிட்ட ரெண்டு, மூணு சொல் சேர்த்துப் பேசலைன்னா முதல்ல காதைப் பரிசோதிங்க, அப்புறம் பேச்சுப் பயிற்சியாளர்கிட்ட போங்க.

நேர்வழி:
வகுப்பைப் பிரிச்சுடறதுதான் நல்லது. இல்லைன்னா ஒருத்தி இன்னொருத்தி நிழல்லயே வளருவா.

கருவறைக்கணக்கு:
நேர்வழி, அப்படிப் பொதுவிதி போட ஆதாரம் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் இரட்டையர் 878 ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், 5 வயதிலேயே பிரிக்கப்பட்டவர்களிடம் கவலை, ஒதுங்குதல் போன்றவை அதிகமாகக் காணப்பட்டன. ஒருகரு இரட்டையரிடம் இன்னும் கூடுதலாக. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இந்த முடிவில் பெற்றோருக்கு உரிமை தந்து 2005இல் சட்டமே இயற்றியது. பள்ளி தொடங்கும் நாளில் பிரித்தால் பெற்றோரையும் கூடப் பிறந்தவளையும் ஒரே காலையில் பிரிகிறாள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரட்டைவால்குருவிக்கு: நஞ்சுக்கொடி இரண்டு என்பதால் இருகரு (இரண்டு தனி முட்டைகளில் உருவானவர்கள்) என்று முடிவு கட்ட முடியாது. கருவுற்ற முட்டை முதல் மூன்று நாளுக்குள் பிளந்தால் ஒருகரு இரட்டையருக்கும் நஞ்சுக்கொடி தனித்தனியாகத்தான் அமையும். ஒருகரு ஜோடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுக்கும் டி.என்.ஏ. சோதனை உறுதியாகச் சொல்லிவிடும். வகுப்பு முடிவுக்கு முன் அதைச் செய்துவிடுவது நல்லது.

(இருவருக்கும் மனசோடு மனசு செய்தி போகிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கட்டுப்பாடான சோதனைகளில் அது நிற்கவில்லை.)

இரட்டைவால்குருவி:
நன்றி. பதில் சொல்றவளை எப்படிக் கொஞ்சம் அடக்கறது?

மழலைச்சொல்:
அவளை அடக்க வேண்டாம், கேட்கிற விதத்தை மாத்துங்க. "உங்களுக்கு என்ன வேணும்?"னு பொதுவாக் கேட்டா, வேகமா இருக்கிறவதான் முந்துவா. பேரைச் சொல்லி, அவ பக்கம் உடம்பையே திருப்பி உட்கார்ந்து கேளுங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. நாம ரெண்டாவது நொடியிலேயே எடுத்துக் கொடுத்துடறோம், தப்பு அங்கேதான். மத்தவ குறுக்கிட்டா, "அது உன் பதில், இவ பதிலையும் கேட்போம்"னு சொல்லிக் காத்திருங்க. யாரை முதல்ல கேட்கறதுன்னு ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்துங்க.

இன்னொண்ணு, வாய் திறக்கிறவதான் தலைவின்னு நினைக்காதீங்க. பல ஜோடிகள்ல ஒருத்தி வெளிவிவகார அமைச்சர் மாதிரி. என்ன விளையாடணும், எப்போ நிறுத்தணும்னு முடிவு பண்றது பேசாத அந்த இன்னொருத்தியா இருக்கும். பிரெஞ்சு உளவியலாளர் ரெனே ஸாஸோ இந்த வேலைப் பிரிவினையைத்தான் 'ஜோடி விளைவு'ன்னு விளக்கினார்.

பிரிஞ்சு இருக்கற பழக்கத்தை இப்பவே அரை மணி நேரத்துல தொடங்குங்க. ஒருத்தி வெளியே, ஒருத்தி வீட்டில; அடுத்த தடவை மாத்தி. ஆள் காணாமப் போன மாதிரி விட்டுடாதீங்க, "குளிச்சு முடிச்சதும் வந்துடுவா"ன்னு குழந்தைக்குப் புரியற அடையாளம் சொல்லிட்டுப் போங்க. சேர்ந்ததும் ரெண்டு பேரும் என்ன பண்ணினோம்னு சொல்லட்டும். கூடப் பிறந்தவளுக்கும் தெரியாத ஒரு விஷயத்தை அவளுக்குப் புரிய வைக்கணும்னா, சொல்லைச் சரியாச் சொல்லியே ஆகணும்.