ஊட்டிக் குளிரில் வெங்காய வேர்நுனி ஸ்லைடு: மெட்டாஃபேஸ் குவிகிறது, அனாஃபேஸ் ஒன்றுகூட இல்லை. உதவி தேவை

தலைக்குந்தா பொண்ணு

வணக்கம். பி.எஸ்சி தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மைட்டாசிஸ் (செல் பிரிதல்) பிராக்டிகலுக்கு வெங்காய வேர்நுனி ஸ்லைடு போட வேண்டும். வீட்டில் சமையலறை ஜன்னல் ஓரம், டம்ளர் தண்ணீர் மேல் வெங்காயத்தை உட்கார வைத்து வேர் விட வைத்தேன். வேர் நன்றாகவே வந்தது. காலை ஆறரை மணிக்கு நுனியை வெட்டி, செல்களை அந்தந்த நிலையிலேயே நிறுத்தும் கார்னாய் திரவத்தில் போட்டேன். எத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு, அன்றன்றைக்குக் கலந்ததுதான். அப்புறம் கல்லூரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் இளக்கி, அசிட்டோகார்மின் சாயம் ஏற்றி நசுக்கிப் பார்த்தால் மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் செல் நடுவில் கூடும் நிலை) மாதிரி இருக்கும் செல்கள் ஏராளம். அவை இரண்டு பக்கமும் பிரிந்து போகும் அடுத்த நிலையான அனாஃபேஸ் ஒன்றுகூட இல்லை. வேறு வெங்காயம் வைத்தும் இதே கதை. ரெக்கார்டில் எல்லா நிலையும் வரைய வேண்டும். என்ன செய்வது?

குன்னூர் லேப்

அனாஃபேஸ் ரொம்பக் குறுகிய கட்டம் தங்கச்சி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதனால் எந்த ஸ்லைடிலும் குறைவாகத்தான் இருக்கும். வேரின் கடைசி இரண்டு மில்லிமீட்டரை மட்டும் எடுக்கிறீர்களா? மேலே போய்விட்டால் பிரியாத செல்கள்தான் கிடைக்கும். சாயமும் பழசாக இருக்கலாம்.

பழைய தாவரவியல்

பிரியாத செல்களாக இருந்தால் மெட்டாஃபேஸும் வராதே தம்பி. சாயத்தின் மேலும் குற்றமில்லை. மெட்டாஃபேஸுக்கு ஏறும் சாயம் அனாஃபேஸுக்கு ஏறாமல் போகுமா?

அம்மா, இரண்டு விஷயம் சொல்லுங்கள். குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா? அந்த விடியற்காலைகளில் டம்ளர் தண்ணீர் எப்படி இருந்தது?

தலைக்குந்தா பொண்ணு

சார், சிதறித்தான் கிடக்கின்றன. குட்டையாக, தடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கைகள் விரிந்து, ஓரிடத்தில் மட்டும் ஒட்டியிருக்கின்றன. அவ்வளவு தெளிவாக இருந்ததால் 16 என்று எண்ணவே முடிந்தது. தண்ணீரா, கை வைக்க முடியாது. வெளியே புல் முழுக்க உறைபனி, வெள்ளை வெளேரென்று. ஜனவரி மாதத் தலைக்குந்தா தெரியுமே சார்.

பழைய தாவரவியல்

தெரியும். அந்தக் குளிர்தான் காரணம். குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகள் நுண்குழல்களால் ஆனவை. டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று சேர்ந்துதான் நுண்குழல் ஆகிறது. பூஜ்யம் முதல் நான்கு டிகிரி வரையான குளிரில் அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும். குரோமோசோம் எண்ணுகிறவர்கள் வேரை வேண்டுமென்றே ஐஸ் தண்ணீரில் ஒரு நாள் வைப்பதே இதற்குத்தான். உங்கள் ஜன்னல் அந்த வேலையை இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறது. எண்ணிக்கைக்கு அருமையான ஸ்லைடு அது, தூக்கிப் போடாதீர்கள்.

நுண்குழல் சேரவிடாமல் தடுக்கும் கோல்ச்சிசின் என்ற தாவர நஞ்சும் இதே நிலையைத்தான் உண்டாக்கும். 1938-இல் ஆல்பர்ட் லெவன் வெங்காய வேரில் கோல்ச்சிசின் கொடுத்துப் பார்த்து விவரித்தது நீங்கள் சொன்ன தோற்றமேதான். அவரும் ஜோ ஹின் ஜியோவும் சேர்ந்துதான் 1956-இல் மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று நிறுவினார்கள்.

அனாஃபேஸ் வேண்டுமென்றால் வெங்காயத்தை 20 முதல் 25 டிகிரியில் ஒரு நாளாவது வையுங்கள். அடுப்புப் பக்கத்து அலமாரி போதும். வெயில் ஏறியபின் ஒன்பது, பத்து மணிக்கு வெட்டிப் பாருங்கள்.

ஒட்டன்சத்திரத்தான்

கோல்ச்சிசின் என்றதும் எட்டிப் பார்த்தேன். மலைக்குக் கீழே எங்கள் பக்கம் பந்தல் போட்டு கண்வலிக்கிழங்கு வளர்ப்பதே அதற்காகத்தான். செங்காந்தள், மாநில மலர். விதையைத்தான் மருந்துக்காக விற்கிறோம். வேண்டுமென்றால் கொஞ்சம் விதை அனுப்பவா?

பழைய தாவரவியல்

வேண்டாம் ஐயா. விதையும் கிழங்கும் உயிரைக் குடிக்கும் விஷம். வீட்டில் அரைத்து வடிகட்டுகிற சமாச்சாரம் இல்லை. குளிரே போதும்.

தலைக்குந்தா பொண்ணு

சார், ஒரு சந்தேகம். இழை இல்லாததால் இழுக்க ஆளில்லை, சரி. ஆனால் வெப்பமான இடத்தில் மெட்டாஃபேஸில் இழை இருக்கிறது, இரண்டு பக்கமும் இழுக்கிறது. அப்போதும் ஒரு குரோமோசோமின் இரண்டு பாதிகளான குரோமாட்டிட்கள் உடனே பிரிவதில்லையே? எங்கள் பாடத்தில் 'இழைகள் சுருங்குவதால் பிரிகின்றன' என்று ஒரே வரிதான் இருக்கிறது.

பழைய தாவரவியல்

அந்த ஒரு வரியில் பாதிக் கதையைக் காணோம். தேர்த் திருவிழாவில் வடம் பிடித்து எவ்வளவு இழுத்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இருக்கும்வரை தேர் அசையாது. செல்லிலும் இழுவை முன்பே இருக்கிறது. அனாஃபேஸைத் தொடங்கி வைப்பது முட்டுக்கட்டையை எடுக்கிற வேலை. அதைச் செய்வது ஒரு நொதி.

டி.என்.ஏ இரட்டிக்கும்போதே இரண்டு குரோமாட்டிட்களையும் கொஹீசின் என்ற வளைய வடிவப் புரதத் தொகுதி சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த வளையத்தின் ஓர் உறுப்பை வெட்டும் நொதிக்குப் பெயர் செப்பரேஸ். 1999-இல் ஃபிராங்க் உல்மன், கிம் நாஸ்மித் குழுவினர் ஈஸ்ட்டில் இதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. கொஹீசினில் செப்பரேஸ் வெட்டும் இடத்துக்குப் பதிலாக, புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி வெட்டும் இடத்தை வைத்தார்கள். மெட்டாஃபேஸில் நிறுத்தி வைத்த செல்லில் அந்த வைரஸ் நொதியை உண்டாக்கினார்கள். குரோமாட்டிட்கள் பிரிந்து துருவத்துக்குப் போயின. செல்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நொதி வெட்டினாலும் பிரிகிறது என்றால், வெட்டுதான் காரணம் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

குன்னூர் லேப்

அப்படியானால் குளிரில் இழை இல்லாவிட்டாலும் செப்பரேஸ் வெட்டிவிடலாமே சார்? பிரிந்து கிடக்க வேண்டும். அந்தத் தங்கச்சி ஒட்டியிருக்கிறது என்கிறார்களே.

பழைய தாவரவியல்

நல்ல கேள்வி. செப்பரேஸை செக்யூரின் என்ற புரதம் கட்டிப்போட்டிருக்கிறது. ஏ.பி.சி என்ற பெரிய நொதித் தொகுதி செக்யூரின் மேல் யுபிக்விட்டின் சிறுபுரதங்களைக் கோத்துவிடும். அந்த அடையாளம் விழுந்த புரதத்தை புரோட்டியோசோம் சிதைத்துவிடும். செப்பரேஸ் விடுபடும். யுபிக்விட்டின் வழிச் சிதைவைக் கண்டறிந்ததற்கு 2004-இல் சியெக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஒரு குரோமோசோமின் சென்ட்ரோமியரில் (குரோமாட்டிட்கள் ஒட்டியிருக்கும், இழை வந்து பிடிக்கும் இடத்தில்) இழை பிடிக்காமல் இருந்தாலும், அங்கிருந்து மேட்2 முதலான புரதங்கள் ஏ.பி.சி-யைத் தடுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் டம்ளரில் 16-இலும் இழை இல்லை. அதனால் ஏ.பி.சி ஓய்கிறது, செக்யூரின் இருக்கிறது, செப்பரேஸ் வெட்டவில்லை.

இந்தத் தடை நிரந்தரமில்லை. கோல்ச்சிசினில் நேரம் போகப் போக, இழையே இல்லாமல் குரோமாட்டிட்கள் விட்டுப் பிரிந்து இணையாகப் படுத்திருப்பதையும் லெவன் பார்த்தார். அப்புறம் அத்தனையும் ஒரே உட்கருவுக்குள் அடைபட்டு 32 ஆகிவிடும். குரோமோசோம் தொகுதிகள் பெருகிய பன்மடியச் செடி உண்டாக்குவது இந்த வழியில்தான்.

குன்னூர் லேப்

இழை பிடித்தால் போதுமா? இரண்டு குரோமாட்டிட்டையும் ஒரே துருவத்து இழை பிடித்துவிட்டால்?

பழைய தாவரவியல்

அதற்கு அரோரா பி என்ற கைனேஸ் நொதி சென்ட்ரோமியர் பகுதியில் காவலிருக்கிறது. இரண்டு துருவமும் எதிரெதிராக இழுத்தால்தான் விறைப்பு வரும். விறைப்பில்லாத பிடியில் அரோரா பி, இழையைப் பிடிக்கும் புரதங்கள் மேல் பாஸ்பேட் ஏற்றும். பிடி தளர்ந்து, இழை மறுபடி வேறு இடம் தேடும். விறைப்புதான் பிடியை நிலைக்க வைக்கிறது என்பதை புரூஸ் நிக்லாஸ் வெட்டுக்கிளி செல்களில் நுண்ணூசியால் குரோமோசோமை இழுத்துப் பார்த்தே காட்டினார். எனக்கு இன்னும் அது நம்ப முடியாத கைத்திறன்.

தலைக்குந்தா பொண்ணு

சார், அலமாரியில் வைத்த வெங்காயத்திலிருந்து அனாஃபேஸ் வந்துவிட்டது! வி வடிவத்தில் இரண்டு பக்கமும் அழகாகப் பிரிந்து போகின்றன. ஒரு செல்லில் மட்டும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மெல்லிய நூல் மாதிரி ஒன்று நீண்டிருக்கிறது. அழுக்கா? ஃபோகஸ் மாற்றினாலும் போகவில்லை. அதே சிவப்புச் சாயம் ஏறியிருக்கிறது.

பழைய தாவரவியல்

சாயம் ஏறியிருந்தால் அழுக்கு இல்லை, அது அனாஃபேஸ் பாலம். கொஹீசினை வெட்டினால் மட்டும் வேலை முடியாது. இரட்டித்த இரண்டு டி.என்.ஏ-வும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். டோப்போஐசோமரேஸ் 2 என்ற நொதி ஒரு டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளையும் வெட்டி, அந்த இடைவெளி வழியே மற்றதை அனுப்பிவிட்டு, வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டிவிடும். அதற்கு செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி செலவாகும். இந்த நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்த செல்களில் இப்படிப் பாலங்கள் பெருகும். முறிந்து மறுபடி ஒட்டி, இரண்டு சென்ட்ரோமியர் பெற்ற குரோமோசோமும் பாலம் போடும். ஒரே ஒரு செல்லைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

ரெக்கார்டில் நல்ல அனாஃபேஸை வரையுங்கள். பாலத்தைப் பக்கத்தில் தனிப் படமாகப் போடுங்கள், வேர் வளர்ந்த வெப்பநிலையையும் எழுதுங்கள். கவர்ஸ்லிப் ஓரத்தை இன்றைக்கே நெயில் பாலிஷ் வைத்து அடைத்துவிடுங்கள். அசிட்டோகார்மின் சீக்கிரம் காய்ந்துவிடும்.