லிக்னோகெயினும் அக்குபங்சரும் சேர்த்துக் கொடுத்தும் பசு உதைத்தது, எங்கே தவறினேன்?

கேள்வி:
350 கிலோ பசு. இரைப்பையில் அடைத்திருந்த பிளாஸ்டிக்கையும் கயிற்றையும் எடுக்க, நிற்கவைத்தே இடது பக்கம் திறந்தேன். வெட்டுகிற கோட்டில் மரக்கவைக்கும் மருந்தான லிக்னோகெயின் 2%, 80 மில்லி போட்டேன். மரத்ததும், அதே இடத்தைச் சுற்றி நாலு அக்குபங்சர் ஊசி குத்தி 10 நிமிடம் மின்தூண்டல். ஊசி இருக்கிறதே என்று மயக்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தோலில் கத்தி பட்டபோது அசையவே இல்லை. வயிற்றின் உட்சவ்வான பெரிட்டோனியத்தைத் திறந்ததும் துள்ளி உதைத்தது. இன்னும் கொஞ்சம் மருந்து விட்டு முடித்தேன். பசு இப்போது அசைபோடுகிறது, ஆனால் அந்தத் துள்ளல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டும் சேர்ந்தால் வலி இன்னும் குறைய வேண்டாமா?

பதில் 1:
வரிசைதான் தப்பு டாக்டர். அக்குபங்சர் வேலை செய்ய, ஊசி தூண்டுகிற நரம்பு தகவலை முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் கொண்டுபோக வேண்டும். அங்கே உடலின் சொந்த வலியடக்கிகளான எண்டார்பின், என்கெபலின் சுரந்தால்தான் வலி அடங்கும். லிக்னோகெயின் நரம்பின் சோடியம் வழிகளை அடைத்து அந்தத் தகவலையே நிறுத்திவிடும். மரத்த சதையில் குத்தியது குத்தாததற்குச் சமம். 1970களில் சீனாவில் மனிதர்களிடம் செய்த சோதனையிலும், புள்ளியின் ஆழத்தில் புரோகெயின் போட்டதும் அக்குபங்சரின் பலன் போய்விட்டது.

அடுத்த முறை ஊசியை முதலில் போடுங்கள், வெட்டுகிற இடத்துக்குத் தள்ளி. இடுப்பு முதுகெலும்பும் அதற்குப் பின்னுள்ள திரிக எலும்பும் சேரும் பள்ளத்தில், நடுக்கோட்டில் இருக்கும் பாய்ஹுய் நல்ல புள்ளி. எண்டார்பின் மெதுவாகத்தான் ஏறும், 10 நிமிடம் போதாது. 20 முதல் 30 நிமிடம் ஓட விட்டு, அதன்பிறகு லிக்னோகெயின்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த உதைக்குக் காரணம் வேறு என்பது என் எண்ணம். வெட்டுகிற கோட்டில் மட்டும் மருந்து போடும் கோட்டு ஊடுருவலில் தோலும் தசையும் மரக்கும், பெரிட்டோனியம் பெரும்பாலும் தப்பிவிடும். முதுகெலும்பை ஒட்டி நரம்புகளையே மரக்கவைக்கும் முதுகுப்பக்க நரம்புத் தடை போடுங்கள்: கடைசி மார்பு நரம்பு, முதல் இரண்டு இடுப்பு நரம்புகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 மில்லி. சரியாக இறங்கினால் அந்தப் பக்கத் தோல் சூடாகும், முதுகு அந்தப் பக்கமாகப் புடைத்து வளையும். அதைப் பார்க்காமல் கத்தியை எடுக்காதீர்கள்.

அக்குபங்சரை நம்பி லிக்னோகெயினையோ மயக்க மருந்தையோ குறைக்கவே கூடாது. அது கூடுதல் துணை மட்டும். அறுவைக்குப் பிந்திய வலிக்கு மெலாக்சிகாம் என்ற வலி மருந்து தனியாக வேண்டும்.

இதே முறையை ஆட்டில் செய்தால் அளவில் கவனம். லிக்னோகெயின் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாதீர்கள். 30 கிலோ ஆட்டுக்கு 2% மருந்து ஏழரை மில்லிதான். நீர்த்து 1% ஆக்கினால் பரவலாகப் போடலாம். அளவு மீறி வலிப்பு வந்தபின் வருந்திப் பயனில்லை.

கேட்டவர்:
நேற்று இன்னொரு பசு. பாய்ஹுயில் 25 நிமிடம், பிறகு முதுகுப்பக்கத் தடை, லேசாக சைலசின் என்ற மயக்க மருந்து. முதுகு வளைந்ததைக் கண்ணால் பார்த்தேன். பெரிட்டோனியம் திறந்தபோது காதைக்கூட அசைக்கவில்லை! இரைப்பையை வெளியே இழுத்தபோது மட்டும் முனகியது.

பதில் 2:
அந்த இழுவை வலி உள்ளுறுப்பு நரம்புகள் வழியாக வருவது, இந்தத் தடை அதை முழுவதும் பிடிக்காது. மெதுவாக இழுங்கள், முனகினால் கையை நிறுத்தி அது அடங்கும்வரை காத்திருங்கள்.