இரண்டு திசையிலும் முடுக்கம் மைனஸில் வருகிறது, எங்கே தப்பு?

பொறியியல் முதலாண்டு, மெக்கானிக்ஸில் ஒரே கணக்கில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். 30 டிகிரி சாய்தளத்தில் 10 கிலோ கட்டை, அதில் கட்டிய கயிறு மேலே ஒரு கப்பி வழியாகப் போய் மறுமுனையில் 6 கிலோ எடை தொங்குகிறது. உராய்வுக் கெழு, ஓய்வுக்கும் இயக்கத்துக்கும் 0.3. கயிறு, கப்பியின் எடையை விட்டுவிடலாம்.

கட்டை மேலே ஏறும் என்று வைத்துப் போட்டேன், முடுக்கம் மைனஸ் 0.98. சரி, கீழேதான் வழுக்கும்போல என்று உராய்வின் திசையை மாற்றிப் போட்டால் மைனஸ் 2.2! ஃப்ரீ பாடி டயகிராமை (கட்டை மீதான விசைகளைக் காட்டும் படம்) நான்கு தடவை வரைந்தாயிற்று, சைன், காஸ் மாறவில்லை, தளம் கட்டையைத் தள்ளும் செங்குத்து எதிர்விசை 85 நியூட்டன், அதுவும் சரிதான்.

விடைப்பக்கத்தில் முடுக்கம் பூஜ்யம், உராய்வு 9.81 நியூட்டன் என்று மட்டும் இருக்கிறது, வழிமுறை இல்லை. 0.3-ஐ 85-ஆல் பெருக்கினால் 25.5 அல்லவா வருகிறது? வகுப்பில் உராய்வு என்றாலே இந்தப் பெருக்கல்தான் சொல்லித்தந்தார்கள், அதனால் நானும் யோசிக்காமல் அதையே எழுதிப் பழகிவிட்டேன்.

அந்த 25.5-ஐ எப்போது போட வேண்டும், எப்போது போடக்கூடாது என்பதைக் கணக்கு ஆரம்பிக்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது?