யுரேனியம் கார்பைடு இலக்கு பெரிதானால் கற்றையும் அதிகமாக வேண்டாமா?

கேள்வி:
ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்னின் ஐசோல்டே நிலையத்தில் 1.4 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்களை யுரேனியம் கார்பைடு இலக்கில் மோதவிட்டுக் கதிரியக்க அயனிக் கற்றை எடுக்கிறார்களே, பொருள் அதிகமிருந்தால் அணுக்கருக்களும் அதிகம் உருவாகும்தானே? பிறகு ஏன் எல்லோரும் மெல்லிய தகடு, நுண்துளை என்றே பேசுகிறார்கள்?

பதில் 1:
உருவாவது பாதி வேலைதான், வெளியே வரவேண்டுமே. லித்தியம்-11ன் அரை ஆயுள் 9 மில்லிவிநாடிக்கும் குறைவு. அதற்குள் அது பொருளுக்குள்ளிருந்து ஊர்ந்து மேற்பரப்புக்கு வந்து, சுவர்களில் ஒட்டி ஒட்டி விடுபட்டு, குழாய் வழியே, அணுக்களை அயனிகளாக்கும் அயனி மூலத்தை எட்ட வேண்டும். அதனால்தான் இலக்கை 2000 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்குகிறார்கள், லித்தியம்-11க்கு 2 மைக்ரான் டான்டலம் தகடுகளையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பதில் 2:
சரி, ஆனால் அந்தச் சூட்டிலேயே இலக்குப் பொருளின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து நுண்துளைகள் அடைபட்டுவிடும், நாளாக ஆகக் கற்றை குறையும். கலவையில் கார்பனைக் கூடுதலாக விடுவது இதைத் தள்ளிப்போடத்தான். என்னைக் கேட்டால் இந்த வேலையில் மிகக் கடினமானது இதுதான்.

பதில் 3:
தூய்மையையும் மறக்காதீர்கள். துத்தநாகம்-80 வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அதே நிறையுள்ள ரூபிடியம்-80 கூடவே வந்து மூழ்கடித்துவிடும். அப்போது புரோட்டானை நேரே யுரேனியத்தில் விடாமல் பக்கத்திலுள்ள டங்ஸ்டன் தண்டில் மோதவிடுவார்கள், அதிலிருந்து கிளம்பும் நியூட்ரான்கள் யுரேனியத்தைப் பிளக்கும், ரூபிடியம் வெகுவாகக் குறையும். மிச்சத்தை, இலக்கிலிருந்து அயனி மூலத்துக்குப் போகும் வழியிலுள்ள குவார்ட்ஸ் குழாய் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
அப்படியென்றால் தனிமத்துக்குத் தனிமம் இலக்கு மாறும். அருமை, நன்றி!